ஏ.எஃப்.சி. விம்பிள்டன்: ஊர்க்காரர்கள் ஆரம்பித்த கிளப்

விம்பிள்டன் என்றால் நம் ஆட்களுக்கு டென்னிஸ்தான் ஞாபகம் வரும். ராமநாதன் கிருஷ்ணன் 1960லும் 1961லும் அரையிறுதி வரை போன இடம். விஜய் அமிர்தராஜ் கால் இறுதி ஆடிய இடம். அதே விம்பிள்டனில் ஒரு கால்பந்து கிளப்பும் இருந்தது. அந்தக் கிளப்பை ஊரை விட்டுக் கொண்டுபோகலாம் என்று 2002 மே 28ஆம் தேதி தீர்ப்பு வந்தது. மே 30ஆம் தேதி, அதாவது இரண்டே நாளில், ஊர்க்காரர்கள் கூடி இன்னொரு கிளப்பை ஆரம்பித்துவிட்டார்கள். மைதானம் இல்லை, ஆட்டக்காரர்கள் இல்லை, சட்டை இல்லை, பந்துகூட இல்லை. அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

கால்பந்து பிடிக்காதவர்களும் படிக்கலாம். கோல் கணக்கு கொஞ்சம்தான் வரும். ஒரு கிளப் யாருக்குச் சொந்தம், காசு போட்டவருக்கா கைதட்டியவருக்கா என்பதுதான் இதில் முக்கியமான கேள்வி. வேலைக்காக ஊர் விட்டு ஊர் வந்து குடியிருக்கும் நமக்கு இது ரொம்ப அந்நியமான கேள்வி இல்லை.

முதலில் இங்கிலாந்து கால்பந்தின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். அது ஒரு உயரமான ஏணி. மேல் படியில் பிரீமியர் லீக், 20 அணிகள். நாம் டிவியில் பார்ப்பது இது மட்டும்தான். அதற்குக் கீழே மூன்று படிகளில் 72 அணிகள். ஆக 92. இந்த 92க்குக் கீழே இருப்பதையெல்லாம் சேர்த்து 'நான்-லீக்' என்பார்கள். அங்கே பல அணிகளில் ஆடுபவர்களுக்கு வார நாட்களில் வேறு வேலை உண்டு. சனிக்கிழமை மத்தியானம் பூட்ஸ் மாட்டிக்கொண்டு வருவார்கள். ஐந்நூறு பேர் வந்தால் நல்ல கூட்டம். ஆனால் ஏணி ஒன்றுதான். கீழ்ப்படியில் ஜெயித்துக்கொண்டே போனால் கோட்பாட்டளவில் மேல் படி வரை ஏறலாம். தோற்றுக்கொண்டே இருந்தால் இறங்கலாம். மற்ற பல நாடுகளின் லீக்குகளில் போல உரிமத்தைக் காசு கொடுத்து வாங்கி நேரே மேலே வந்து உட்கார முடியாது. முடியாது என்றுதான் 2002 வரை எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

பழைய விம்பிள்டன் கிளப்பே அந்த ஏணியில் அடி மட்டத்திலிருந்து ஏறி வந்ததுதான். 1889ல் ஒரு பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர்கள் சேர்ந்து ஆரம்பித்தது. ஊர்ப் பொது வெளியில் ஆடினார்கள். பக்கத்திலிருந்த 'ஃபாக்ஸ் அண்ட் கிரேப்ஸ்' என்ற மதுக்கடைதான் உடை மாற்றும் இடம். 1912ல் ப்ளவ் லேன் என்ற தெருவில் சொந்த மைதானம் கிடைத்தது. (ப்ளவ் என்றால் ஏர்க்கலப்பை. கலப்பைச் சந்து என்று வைத்துக்கொள்ளுங்கள்.) 1963ல் அமெச்சூர் கோப்பையை வென்றார்கள். வெம்ப்ளியில் நடந்த அந்த இறுதி ஆட்டத்தில் எடி ரெனால்ட்ஸ் என்பவர் நான்கு கோல் போட்டார், நான்கையும் தலையால் முட்டியே போட்டார்.

1975ல் பெரிய பேர் கிடைத்தது. நான்-லீக் அணியான இவர்கள் எஃப்.ஏ. கோப்பையில் முதல் பிரிவு அணியான பர்ன்லியை அவர்கள் மைதானத்திலேயே தோற்கடித்தார்கள். அடுத்த சுற்றில் லீட்ஸ் யுனைடெட். அப்போதைய இங்கிலாந்து சாம்பியன். அந்த ஆட்டத்தில் லீட்ஸ் அடித்த பெனால்டியை டிக்கி கை என்ற கோல்கீப்பர் பிடித்தார், ஆட்டம் 0-0 என்று முடிந்தது. மறு ஆட்டத்தில் ஒரே ஒரு கோலில் தோற்றார்கள். இந்த டிக்கி கை பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவார்.

அந்தக் காலத்தில் நான்-லீக்கிலிருந்து லீக்குக்குள் தானாக ஏற வழி கிடையாது. லீக் கிளப்புகள் ஓட்டுப் போட்டு உள்ளே சேர்க்க வேண்டும். 1977ல் விம்பிள்டனுக்கு ஓட்டு விழுந்தது. உள்ளே வந்தவர்கள் ஒன்பதே வருஷத்தில் நான்காம் பிரிவிலிருந்து முதல் பிரிவுக்கு ஏறிவிட்டார்கள். 1988 மே 14 அன்று எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டம், எதிரில் லிவர்பூல். அந்த வருஷ லீக் சாம்பியன். லாரி சான்செஸ் ஒரு கோல் போட, கேப்டனும் கோல்கீப்பருமான டேவ் பெசன்ட் ஒரு பெனால்டியைத் தடுக்க, 1-0 என்று விம்பிள்டன் கோப்பையைத் தூக்கியது. வெம்ப்ளியில் நடந்த எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டங்களில் ஒரு கோல்கீப்பர் பெனால்டியைத் தடுத்தது அதுதான் முதல் தடவை. முரட்டு ஆட்டத்துக்கும் குறும்புக்கும் பேர்போன அந்த அணிக்குப் பத்திரிகைகள் வைத்த பெயர் 'கிரேஸி கேங்'. (கிரேஸி மோகன் ரசிகர்கள் மன்னிக்க.)

இனிமேல்தான் சோகம். 1989ல் ஷெஃபீல்டு ஹில்ஸ்பரோ மைதானத்தில் நடந்த கூட்ட நெரிசல் 97 லிவர்பூல் ரசிகர்களின் உயிரைக் குடித்தது. அதை விசாரித்த டெய்லர் அறிக்கை, பெரிய பிரிவுகளில் ஆடும் கிளப்புகளின் மைதானங்களில் எல்லோருக்கும் இருக்கை வேண்டும் என்றது. நியாயமான பரிந்துரை. ஆனால் ப்ளவ் லேன் பழைய சின்ன மைதானம். அதை மாற்றிக் கட்டுவது கட்டுப்படியாகாது என்று நிர்வாகம் முடிவு செய்தது. 1991ல் அங்கிருந்து கிளம்பி, சுமார் பத்துக் கிலோமீட்டர் தள்ளி கிரிஸ்டல் பேலஸ் கிளப்பின் செல்ஹர்ஸ்ட் பார்க்கில் வாடகைக்குக் குடி போனார்கள். தற்காலிகம் என்றுதான் சொன்னார்கள். அது பன்னிரண்டு வருஷம் நீண்டது.

வாடகை வீட்டுக்காரன் படும் பாடு நமக்குத் தெரியாததா? சொந்த மைதானம் இல்லாததால் வருமானம் இல்லை. வருமானம் இல்லாததால் சொந்த மைதானம் கட்ட வழியில்லை. 1997ல் கிளப் நார்வே நாட்டுப் பணக்காரர்கள் கைக்குப் போனது. 1998ல் பழைய ப்ளவ் லேன் நிலம் ஒரு சூப்பர் மார்க்கெட் கம்பெனிக்கு விற்கப்பட்டது. கிளப்பை அயர்லாந்தின் டப்ளினுக்குக் கொண்டுபோகலாமா என்றுகூட ஒரு யோசனை ஓடியது. 2000 மே 14 அன்று, கோப்பை வென்ற பன்னிரண்டாவது ஆண்டு நிறைவு நாளில், விம்பிள்டன் பிரீமியர் லீக்கிலிருந்து கீழே இறங்கியது.

2001 ஆகஸ்டில் நிர்வாகம் குண்டைத் தூக்கிப் போட்டது. கிளப்பை மில்டன் கீன்ஸுக்கு மாற்றப் போகிறோம் என்றது. மில்டன் கீன்ஸ் 1967ல் திட்டமிட்டு உருவாக்கப்பட்ட புது நகரம். லண்டனுக்கு வடமேற்கே, விம்பிள்டனிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர். பெரிய ஊர், ஆனால் அங்கே லீக் கிளப் கிடையாது. ஸ்டேடியம், அதைச் சுற்றிப் பெரிய கடைகள் என்று ஒரு வணிகத் திட்டம் தயாராக இருந்தது. ஒன்றுதான் குறை, ஆட ஒரு அணி வேண்டும். கீழ்ப்படியில் ஒரு கிளப்பை ஆரம்பித்து ஏறி வர இருபது முப்பது வருஷம் ஆகும். எதற்கு அவ்வளவு காத்திருக்க வேண்டும், லீக்கில் இருக்கும் ஒன்றையே கொண்டுவந்துவிடலாமே என்பது கணக்கு.

கால்பந்து லீக் முதலில் முடியாது என்றது. கிளப் விடவில்லை, மேல்முறையீடு போனது. கடைசியில் இங்கிலாந்து கால்பந்து சங்கம் அமைத்த மூவர் குழு முடிவெடுக்க வேண்டியதாயிற்று. 2002 மே 28 அன்று முடிவு வந்தது. இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில், போகலாம் என்றது குழு. தெற்கு லண்டனிலேயே இருந்தால் கிளப் திவாலாகிவிடும் என்பது பெரும்பான்மையின் வாதம். அதோடு விடவில்லை. சாம்பலிலிருந்து ரசிகர்கள் இன்னொரு கிளப்பை எழுப்புவது கால்பந்தின் பரந்த நலனுக்கு உகந்ததல்ல என்கிற பொருளிலும் ஒரு வாக்கியம் எழுதி வைத்தது. அந்த ஒரு வாக்கியம் ஊர்க்காரர்களுக்குச் சுருக்கென்று தைத்தது. இன்றைக்கும் அவர்கள் அதை மறக்கவில்லை.

அதற்குள் ஒரு வருஷமாக ரசிகர்கள் ஊர்வலம், மனு, புறக்கணிப்பு என்று எல்லாம் செய்து களைத்துப் போயிருந்தார்கள். மேலும் வழக்கு போடலாமா, போராடலாமா என்று பேச்சு எழுந்தபோது கிரிஸ் ஸ்டுவர்ட் என்ற ரசிகர் எழுந்து, சண்டை போட்டு அலுத்துவிட்டது, எனக்குக் கால்பந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என்றார். அவரும் இன்னும் சிலரும் கூடித் திட்டம் போட்ட இடம் எது தெரியுமா? 1889 பையன்கள் உடை மாற்றிய அதே 'ஃபாக்ஸ் அண்ட் கிரேப்ஸ்' மதுக்கடை. மே 30 அன்று ஊர்ச் சமூகக் கூடத்தில் கூட்டம் நடந்தது. புதுக் கிளப் ஆரம்பிப்பது என்று முடிவானது. பெயர் ஏ.எஃப்.சி. விம்பிள்டன். ஸ்டுவர்ட்தான் முதல் தலைவர்.

அடுத்த ஒரு மாதம் எப்படிப் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நாமெல்லாம் அடுக்குமாடிக் குடியிருப்பில் பொங்கல் விழா நடத்தவே மூன்று மாதம் கமிட்டி போட்டுப் பேசுகிறோம் :-) இவர்கள் ஜூன் 29 அன்று பொது வெளியில் ஆட்டக்காரர் தேர்வு நடத்தினார்கள். யார் வேண்டுமானாலும் வரலாம் என்று அறிவித்தார்கள். வந்தவர்கள் 230 பேர். அவர்களிலிருந்து ஓர் அணி தேறியது. பக்கத்து ஊரான கிங்ஸ்டனில் கிங்ஸ்டோனியன் கிளப் ஆடும் கிங்ஸ்மெடோ மைதானத்தில் இடம் பேசினார்கள். ஜூலை 10 அன்று முதல் நட்பு ஆட்டம், பக்கத்துக் கிளப்பான சட்டன் யுனைடெட்டுடன். 4-0 என்று தோற்றார்கள். ஆனால் பார்க்க வந்த கூட்டம் 4,657 பேர். தீர்ப்பு வந்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. தோற்ற பிறகும் ரசிகர்கள் போகாமல் நின்று பாடிக்கொண்டிருந்தார்களாம்.

அவர்களுக்கு இடம் கிடைத்த லீக்கின் பெயர் கம்பைன்டு கவுன்டீஸ் லீக். ஏணியில் ஒன்பதாம் படி. எதிரணிகள் எல்லாம் சின்னச் சின்ன ஊர்கள். சில மைதானங்களில் ஒரு பக்கம் ஒரு கயிறு, இன்னொரு பக்கம் ஒரு கொட்டகை. நூறு பேர் வந்து பழகிய இடத்துக்குத் திடீரென்று இரண்டாயிரம் பேர் வந்து இறங்கினால் எப்படி இருக்கும்? 2002 ஆகஸ்ட் 17 அன்று சாண்ட்ஹர்ஸ்ட் டவுனுடன் நடந்த முதல் லீக் ஆட்டம் அப்படித்தான் இருந்தது. அதில் 2-1 என்று ஜெயித்தார்கள்.

அதே சீசனில் பழைய விம்பிள்டன் இன்னும் செல்ஹர்ஸ்ட் பார்க்கில்தான் ஆடிக்கொண்டிருந்தது. மில்டன் கீன்ஸில் இடம் தயாராகவில்லை. அது இரண்டாம் படி அணி. 26,000 பேர் உட்காரும் மைதானம். 2002 அக்டோபரில் ராதர்ஹாமுடன் நடந்த ஆட்டத்துக்கு வந்தவர்கள் 849 பேர். ஒன்பதாம் படியில் ஆடிய புதுக் கிளப்புக்கு அந்த சீசனில் சராசரியாக 3,000 பேர் வந்தார்கள். தீர்ப்பு எழுதியவர்களுக்கு இதைவிடத் தெளிவாகப் பதில் சொல்ல முடியாது. உரிமம், பதிவெண், பிரிவு, சம்பளம் வாங்கும் ஆட்டக்காரர்கள் எல்லாம் ஒரு பக்கம் இருந்தன. கிளப் இன்னொரு பக்கம் போய்விட்டது.

பழைய கிளப் 2003 ஜூனில் திவால் நிர்வாகத்துக்குப் போனது. செப்டம்பரில் மில்டன் கீன்ஸில் ஒரு ஹாக்கி மைதானத்தில் ஆட ஆரம்பித்தது. 2004ல் பெயரை மில்டன் கீன்ஸ் டான்ஸ் என்று மாற்றிக்கொண்டது. (நடனம் இல்லை. விம்பிள்டன் என்ற பெயரின் வாலில் இருக்கும் 'டன்' பழைய செல்லப் பெயரானது, அதன் பன்மை.)

புதுக் கிளப்பின் ஏற்றம் பக்கம் வருவோம். முதல் சீசனில் மூன்றாம் இடம், மேலே போக முடியவில்லை. இரண்டாம் சீசனில் 46 ஆட்டங்களில் 42 வெற்றி, 4 சமன், தோல்வியே இல்லை. 2003 பிப்ரவரியிலிருந்து 2004 டிசம்பர் வரை தொடர்ந்து 78 லீக் ஆட்டங்கள் தோற்காமல் ஆடினார்கள். இங்கிலாந்தின் சீனியர் கால்பந்தில் அது ஒரு சாதனை. (ஆர்சனல் ரசிகர்கள் கவனிக்க. உங்கள் புகழ்பெற்ற கணக்கு 49. படி வேறு என்பது எனக்கும் தெரியும், அடிக்க வராதீர்கள்.) 2004, 2005, 2008, 2009 என்று படி ஏறினார்கள்.

2011 மே 21. நான்-லீக்கின் உச்சிப் படியிலிருந்து லீக்குக்குள் ஏற மிச்சமிருந்தது ஒரே ஓர் இடம், ஒரே ஓர் ஆட்டம். மான்செஸ்டர் சிட்டி மைதானத்தில் லூட்டன் டவுனுடன் மோதினார்கள். 120 நிமிஷம் ஆடியும் கோல் இல்லை. பெனால்டியில் கோல்கீப்பர் செப் பிரவுன் இரண்டைத் தடுத்தார். கடைசிப் பெனால்டியை அடிக்க வந்தவர் கேப்டன் டேனி கெட்வெல். 4-3. தொடங்கி ஒன்பது சீசன், ஐந்து ஏற்றம், லீக்குக்குள் வந்தாகிவிட்டது. பொது வெளியில் 230 பேரை நிற்க வைத்து ஆள் எடுத்த கிளப் இது.

இது யார் காசில் நடந்தது என்று கேட்பீர்கள். பெரும் பணக்காரர் யாரும் இல்லை. ரசிகர்கள் சேர்ந்த 'டான்ஸ் டிரஸ்ட்' என்ற அமைப்புதான் கிளப்பைக் கட்டுப்படுத்துகிறது. ஓர் ஆளுக்கு ஓர் ஓட்டு. ஆயிரம் பவுண்டு கொடுத்தவருக்கும் வெறும் சந்தா கட்டியவருக்கும் அதே ஒற்றை ஓட்டுதான். ஒரு கூட்டுறவுச் சங்கம் போல. டிக்கெட் கிழிப்பது, ஆட்டப் புத்தகம் விற்பது போன்ற வேலைகளைத் தன்னார்வலர்கள் செய்தார்கள். 1975ல் பெனால்டி பிடித்த டிக்கி கையை ஞாபகம் இருக்கிறதா? அவர் புதுக் கிளப்பின் கௌரவத் தலைவரானார். பழைய கோல்கீப்பர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதைவிட ஒரு கிளப்புக்குப் பெரிய சான்றிதழ் என்ன இருக்கிறது?

தூரத்திலிருந்தும் ஆட்கள் சேர்ந்தார்கள். அமெரிக்க நாவலாசிரியர் ஜான் கிரீன் கம்ப்யூட்டரில் கால்பந்து விளையாட்டு ஆடி அதை வீடியோவாகப் போடுவார். அதில் வந்த விளம்பரக் காசை இந்தக் கிளப்புக்கு ஸ்பான்சராகக் கொடுத்தார். அவர் இருப்பது இண்டியானாபோலிஸில். ஊரில் பிறந்தால்தான் ஊர்க்காரன் என்று எந்தச் சட்டமும் இல்லை. தோள் கொடுப்பவனும் ஊர்க்காரன்தான். இதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இங்கே நம் பக்கத்துக் கதையையும் சொல்ல வேண்டும். நான் இருக்கும் புனேயில் இந்தியன் சூப்பர் லீக் அணியாக எஃப்.சி. புனே சிட்டி 2014ல் வந்தது. 2019ல் இல்லாமல் போனது, லீக்கில் அதன் இடத்துக்கு ஹைதராபாத் எஃப்.சி. வந்தது. அதே வருஷம் டெல்லி டைனமோஸ் புவனேஸ்வருக்குப் போய் ஒடிஷா எஃப்.சி. ஆனது. ஹைதராபாத் 2022ல் கோப்பையே வென்றது. 2025ல் அதுவும் இடம் பெயர்ந்து டெல்லிக்குப் போனது. வேறு பெயர், வேறு சட்டை. பாலேவாடி ஸ்டேடியத்தில் பிள்ளைகளோடு போய்க் கத்தியவர்களிடம் யாரும் ஓட்டுக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று நமக்கும் தோன்றவில்லை. கம்பெனி ஆரம்பித்தது, கம்பெனி மூடியது என்று விட்டுவிட்டோம். மூடியது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை, நஷ்டத்தில் எத்தனை நாள் ஓட்ட முடியும்? நான் சொல்வது, இறங்குவதற்கும் மறுபடி ஆரம்பிப்பதற்கும் நம்மிடம் அந்த அளவுக்கு வலுவான கீழ்ப்படிகள் இல்லை என்பதைத்தான். விம்பிள்டன்காரர்களின் கோபம் மட்டும் அவர்களைக் காப்பாற்றவில்லை. கோபத்தோடு போய்ச் சேர ஒன்பதாம் படியில் ஒரு லீக் இருந்தது, சனிக்கிழமைதோறும் ஆட ஒரு பக்கத்து ஊர் இருந்தது. அதனால்தான் ஆல்டர்ஷாட் 1992லும், செஸ்டர் 2010லும் கிளப் திவாலான பிறகு ரசிகர்கள் கீழ்ப்படியிலிருந்து மறுபடி தொடங்க முடிந்தது. மான்செஸ்டர் யுனைடெட்டை அமெரிக்கக் குடும்பம் ஒன்று கடன் வாங்கி வாங்கியபோது, கோபித்துக்கொண்ட ரசிகர்கள் 2005ல் எஃப்.சி. யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர் என்று ஆரம்பித்ததற்கும் முன்மாதிரி விம்பிள்டன்தான்.

கதை இத்தோடு முடிந்தால் சுபம் போட்டுவிடலாம். ஆனால் இரண்டு விஷயங்களைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாக இருக்காது.

ஒன்று, மில்டன் கீன்ஸ். அந்த ஊர்க் குழந்தைகள் என்ன பாவம் செய்தார்கள்? 2004ல் ஆறு வயதில் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு போன பையன் இன்றைக்கு இருபதுகளின் கடைசியில் இருப்பான். அவனுக்கு அதுதான் சொந்தக் கிளப். 2014 ஆகஸ்டில் லீக் கோப்பையில் அவர்கள் மான்செஸ்டர் யுனைடெட்டை 4-0 என்று துவைத்துக் காயப்போட்ட இரவை அவன் பேரப் பிள்ளைகளுக்குச் சொல்வான். பிறந்த விதம் தப்பாக இருக்கலாம். அன்பு போலியில்லை. 2007ல் மில்டன் கீன்ஸ் கிளப், 1988 கோப்பையின் நகல் உள்பட பழைய விம்பிள்டனின் வரலாற்றுச் சின்னங்களை, விம்பிள்டன் அடங்கிய மெர்ட்டன் நகர மன்றத்திடம் திருப்பிக் கொடுத்தது. 1889 முதல் உள்ள வரலாறு தங்களுடையதல்ல என்று ஒப்புக்கொண்டது. அதற்கும் பெரிய மனது வேண்டும்.

இரண்டாவது, இன்னும் சங்கடமானது. கிங்ஸ்டோனியன் என்று ஒரு கிளப்பைச் சொன்னேன் அல்லவா, 1885ல் பிறந்தது, விம்பிள்டனைவிட மூத்தது. பணமுடையில் அது தன் கிங்ஸ்மெடோ மைதானத்தை இழந்திருந்தது. 2003ல் அந்த மைதானத்தின் உரிமையை ஏ.எஃப்.சி. விம்பிள்டன் வாங்கியது. கிங்ஸ்டோனியன் வாடகைக்காரரானது. பிறகு விம்பிள்டனுக்குச் சொந்த ஊரில் மைதானம் கட்டப் பணம் தேவைப்பட்டபோது, கிங்ஸ்மெடோவை செல்சி கிளப்புக்கு விற்றார்கள். செல்சியின் பெண்கள் அணி அங்கே ஆட வந்தது. 2017ல் கிங்ஸ்டோனியன் அங்கிருந்து வெளியேறி, அடுத்தவர் மைதானங்களில் மாறி மாறிக் குடியிருக்க வேண்டியதாயிற்று. வீடு இழந்தவன் வீடு திரும்பும் வழியில் இன்னொருவன் வீடு போனது. விம்பிள்டன் ஈடாகப் பணம் கொடுத்தது, உண்மை. ஆனால் பணத்தை ஈடாக வைக்க முடியாது என்பதுதானே அவர்களுடைய மொத்த வாதமும்? ரசிகர்கள் நடத்தினாலும் கிளப் என்பது கணக்குப் புத்தகமும்தான் என்பதை இந்த இடத்தில் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சரி, வீடு திரும்பினார்களா? திரும்பினார்கள். பழைய மைதானம் இருந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள் வந்துவிட்டன. அதிலிருந்து கூப்பிடு தூரத்தில், அதே ப்ளவ் லேன் தெருவில், நாய்ப் பந்தயம் நடந்த ஒரு பழைய ஸ்டேடியம் மூடப்பட்டது. அந்த நிலத்தில் சுமார் 9,000 பேருக்கான புது மைதானம் எழுந்தது. நடுவில் பணம் போதவில்லை. வெளி முதலீட்டாளர்களைச் சேர்த்துக்கொள்ளலாமா என்ற பேச்சு வந்தது. சேர்த்தால் கட்டுப்பாடு கை நழுவும் என்று ரசிகர்கள் பயந்தார்கள். அதற்குப் பதிலாகக் கடன் பத்திரம் போட்டு, 2020 தொடக்கத்தில் 50 லட்சம் பவுண்டுக்கு மேல் அவர்களே திரட்டினார்கள்.

2020 நவம்பர் 3, டான்காஸ்டர் ரோவர்ஸுடன் முதல் ஆட்டம். 29 வருஷம் கழித்து ஊருக்குள் கால் வைத்த நாள். மைதானத்தில் ரசிகர்கள் ஒருவர்கூட இல்லை. கோவிட் காலம், கதவைச் சாத்திக்கொண்டு ஆடினார்கள். ஆட்டம் 2-2. இத்தனை வருஷம் உண்டியல் குலுக்கியவர்கள் வீட்டில் உட்கார்ந்து திரையில் பார்த்தார்கள். இதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. ஊருக்குப் போக முடியாமல் கிரகப்பிரவேசத்தையும் சாவையும் செல்போன் திரையில் பார்த்த அந்த வருஷம் நம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும்.

ஆனால் அந்த ரசிகர்கள் அந்த வருஷம் சும்மா இருக்கவில்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் ஓர் உதவிக் குழு ஆரம்பித்தார்கள். சூப்பர் மார்க்கெட் வாசல்களில் மேஜை போட்டு உணவுப் பொருள் திரட்டி, கஷ்டப்படும் குடும்பங்களுக்கு வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். ஒரு மைதானத்தைச் சூப்பர் மார்க்கெட்டிடம் இழந்தவர்கள் சூப்பர் மார்க்கெட் வாசலிலேயே நின்று ஊருக்குச் சோறு சேர்த்தார்கள். கிளப்புக்கு எதற்கு ஊர் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

ஆட்டக் கணக்கையும் முடித்துவிடுகிறேன். 2016ல் வெம்ப்ளியில் பிளிமத்தை 2-0 என்று வென்று மூன்றாம் படிக்கு ஏறினார்கள். மில்டன் கீன்ஸ் இருந்த அதே படி. 2022ல் இறங்கினார்கள். 2025 மே மாதம் வெம்ப்ளியில் வால்சாலை 1-0 என்று வென்று மறுபடி ஏறினார்கள். ஏறுவதும் இறங்குவதும் சகஜம். ஆனால் இங்கிலாந்தில் அதன் பிறகு எந்த லீக் கிளப்பும் அந்த மாதிரி இன்னோர் ஊருக்கு நிரந்தரமாகப் பெயர்ந்து போனதில்லை. 2025 ஜூலையில் பிரிட்டிஷ் பார்லிமென்ட் கால்பந்து நிர்வாகத்துக்கு ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதன்படி பெரிய கிளப்புகள் சொந்த மைதானத்தை விற்கவோ இடம் மாற்றவோ ஒரு சுதந்திரமான ஒழுங்குமுறை அமைப்பின் அனுமதி வேண்டும். கிளப்பின் பெயர், சின்னம், நிறம் இவற்றையும் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது.

2002ல் மூன்று பேரில் இரண்டு பேர் எது கால்பந்தின் நலனுக்கு உகந்ததல்ல என்றார்களோ, அதிலிருந்து வளர்ந்த கேள்வி 23 வருஷத்தில் சட்டமாகவே வந்துவிட்டது. வழக்கில் தோற்ற ஊர்க்காரர்கள் சனிக்கிழமைதோறும் போய் நின்றே இதைச் சாதித்தார்கள். அடுத்த தடவை பிள்ளைகள் டிவி முன்னால் உட்கார்ந்து 'நம்ம டீம்' என்று சொல்லும்போது, இந்த டீமின் கதையையும் ஒரு தடவை சொல்லிவையுங்கள்.